உப்பைக் குறைத்தால் மட்டும் போதுமா?

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், "உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சுகாதாரக் கண்காட்சிகளிலும், மருத்துவமனைச் சுவர்களிலும் இதே வாசகத்தைப் படித்திருப்பீர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அது பாதிப் பாடமே என்பது என் கருத்து. மீதிப் பாதியின் பெயர் பொட்டாசியம். இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமை பெறும். ஒன்றை விட்டு ஒன்றைப் படித்தால் சில வேளைகளில் ஆபத்தும் நேரலாம்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். "உனக்கேன் இந்த வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு நானே ஒரு பெரும் பிழை செய்தேன். அதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

ஒரு பொட்டலம் உப்பு

என் பெரியப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நீண்ட நாளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. உப்பில்லாத குழம்பை முகம் சுளித்துக்கொண்டே சாப்பிடுவார். ஒரு முறை ஊருக்குப் போகும்போது, கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று எழுதியிருந்த பொட்டலங்கள் இரண்டை வாங்கிக்கொண்டு போனேன். "பெரியப்பா, இனி நீங்கள் வாய்க்கு ருசியாகவே சாப்பிடலாம், இதில் சோடியம் குறைவு" என்றேன். "படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும், தம்பி" என்று மகிழ்ந்து போனார். உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாள்தோறும் ஓர் இளநீர் குடிக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அதையும் நான் பாராட்டிவிட்டே வந்தேன்.

மூன்று வாரம் கழிந்திருக்கும். கால்கள் துவண்டு நடக்க முடியவில்லை என்று அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். நாடித் துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தது. இதய மின்வரைபடத்தில் சாதாரணமாக மேடு போலத் தெரிய வேண்டிய அலை, கூடாரம் போல உயர்ந்து நின்றது. இரத்தத்தைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 7.1 இருந்தது.

மருத்துவர் அம்மையார் என்னைக் கேட்ட முதல் கேள்வி: "சார், வீட்டில் என்ன உப்பு போடுகிறீர்கள்?"

நான் பெருமையோடு சொன்னேன். அவர் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். சோடியத்தைக் குறைப்பதற்காக, சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருந்தது. பெரியப்பாவின் சிறுநீரகங்கள் சர்க்கரை நோயால் வலுவிழந்திருந்தன. போதாக்குறைக்கு, அவர் சாப்பிட்டு வந்த இரத்த அழுத்த மாத்திரையும் பொட்டாசியத்தை உடலில் தங்கச் செய்யும் வகையைச் சேர்ந்தது. மூன்றும் சேர்ந்துகொண்டன. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கக்கூடும் என்றார்.

நல்ல வேளையாகப் பெரியப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பொட்டலத்தை வாங்கிக் கொடுத்தவன் நான். "சோடியம் குறைவு" என்பதைப் படித்தேனே தவிர, "அப்படியானால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது?" என்ற எளிய கேள்வியைக் கேட்கவில்லை. மாணவர்களிடம் எப்போதும் கேட்கச் சொல்லும் கேள்வி அது!

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

சோடியமும் பொட்டாசியமும் தனிம வரிசை அட்டவணையில் ஒரே தொகுதியைச் சேர்ந்த அண்டை வீட்டுக்காரர்கள். இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி 1807 ஆம் ஆண்டில் மின்னாற்பகுப்பின் மூலம் சில நாள் இடைவெளியில் இரண்டையும் பிரித்தெடுத்தார். வேதியியலில் இவை உடன்பிறந்தவை போலத் தோன்றினாலும், உயிருள்ள உடல் இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை.

உங்கள் உடலின் உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீர்மத்தில் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் சோடியமும், சுமார் 4 மில்லிமோல் பொட்டாசியமும் இருக்கின்றன. உயிரணுவுக்குள்ளே போனால் நிலைமை தலைகீழ்: பொட்டாசியம் சுமார் 140, சோடியம் 10 முதல் 15 வரையே. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைத்திருக்காது. தண்ணீர்த் தொட்டி கசிந்தால் மோட்டார் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அதுபோல உயிரணுவின் சவ்விலும் ஓர் இறைப்பான் ஓயாமல் வேலை செய்கிறது. ஒரு சுற்றுக்கு 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ, நண்டுக்கால் நரம்புகளை ஆராய்ந்து 1957 ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். அதற்காக 1997 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நீங்கள் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இறைப்பான்களுக்கே போகிறது என்றால், இந்த வேலை எவ்வளவு முக்கியமானது என்பது விளங்கும்.

இந்த இரண்டின் விகிதம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சிட்னி ரிங்கர் என்னும் ஆங்கில மருத்துவர் 1882, 1883 ஆம் ஆண்டுகளிலேயே கண்டார். தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். வெறும் சோடியம் குளோரைடு போதவில்லை. சிறிதளவு கால்சியமும் பொட்டாசியமும் சேர்ந்தபோதுதான் இதயம் நெடுநேரம் ஒழுங்காகத் துடித்தது. பொட்டாசியம் அளவு மீறியபோதோ நின்றுபோயிற்று. அந்த இரண்டாவது செய்தியைத்தான் பெரியப்பாவின் மின்வரைபடம் எனக்குக் காட்டியது.

இது இயற்பியலும்கூட

உயிரணுச் சவ்வின் இருபுறமும் அயனிச் செறிவு வேறுபட்டால், அங்கே மின்னழுத்த வேறுபாடு தோன்றும். ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் வகுத்த சமன்பாட்டை உடல் வெப்பநிலைக்குப் பொருத்தினால், பொட்டாசியத்துக்கான மின்னழுத்தம் 61.5 ஐ, வெளிச் செறிவை உட்செறிவால் வகுத்து வரும் எண்ணின் மடக்கையால் பெருக்கக் கிடைக்கும். வெளியே 4, உள்ளே 140 என்று வைத்துக் கணக்கிடுங்கள். விடை ஏறத்தாழ −95 மில்லிவோல்ட். இப்போது வெளியே உள்ள 4 ஐ 8 ஆக்கிப் பாருங்கள். விடை −76 ஆகிவிடும். வெளியே லிட்டருக்கு 4 மில்லிமோல் கூடியதற்கே 19 மில்லிவோல்ட் மாற்றம்! ஆனால் உள்ளே உள்ள 140 இல் 4 கூடினாலும் குறைந்தாலும் விடை ஒரு மில்லிவோல்ட் அளவே மாறும். இரத்தத்தில் உள்ள சிறு தொகை ஏன் உயிர்நாடியாக இருக்கிறது என்பது இப்போது புரிகிறதா?

19 மில்லிவோல்ட் ஒரு பொருட்டா என்று எண்ணாதீர்கள். சவ்வின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். 70 மில்லிவோல்ட்டை அதனால் வகுத்தால் மின்புலம் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் வருகிறது. மீட்டருக்குச் சுமார் 30 இலட்சம் வோல்ட் என்னும்போதே காற்றில் தீப்பொறி பறந்துவிடும். அதைவிட மூன்று மடங்கு வலிய மின்புலத்தை நம் ஒவ்வோர் உயிரணுவும் தாங்கிக்கொண்டிருக்கிறது. நரம்பில் செய்தி ஓடுவதும், இதயம் துடிப்பதும் இந்த மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தால்தான்.

இன்னொரு கணக்கு. 70 கிலோகிராம் எடையுள்ளவரின் உடலில் மொத்தம் சுமார் 140 கிராம் பொட்டாசியம் உண்டு. அதில் நூற்றுக்கு 98 பங்கு உயிரணுக்களுக்குள்ளே அடைபட்டிருக்கிறது. வெளியே திரிவது சுமார் 2.3 கிராம் மட்டுமே. நல்ல உணவு உண்ணும் ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் பொட்டாசியமோ சுமார் 3.5 கிராம்! வெளியே இருப்பதைவிட அதிகமான அளவு நாள்தோறும் வாய் வழியே வருகிறது. இருந்தும் இரத்தத்தின் அளவு 4 ஐ ஒட்டியே நிற்கிறது. உண்ட உடனே இன்சுலின் என்னும் ஹார்மோன் அந்த இறைப்பான்களை முடுக்கிவிட்டுப் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கிறது. பிறகு சிறுநீரகம் நிதானமாக மிகுதியை வெளியேற்றுகிறது. பெரியப்பாவுக்குக் குளுக்கோஸோடு இன்சுலின் ஏற்றியதும் இதற்காகவே. சர்க்கரையைக் குறைக்க என்று நான் நினைத்தேன்; "இல்லை சார், பொட்டாசியத்தை உள்ளே அனுப்ப" என்றார் மருத்துவர்.

இடையே ஒரு வேடிக்கையான செய்தி. இயற்கைப் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பொட்டாசியம் 40 என்னும் கதிரியக்க ஓரிடத்தான் உண்டு. ஆகவே நம் ஒவ்வொருவரின் உடலிலும் நொடிக்குச் சில ஆயிரம் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. அதில் வெளிவரும் காமாக் கதிரை எண்ணி, ஒருவர் உடலில் எவ்வளவு பொட்டாசியம் இருக்கிறது என்பதை ஊசி குத்தாமலே அளந்துவிடலாம்.

சிறுநீரகத்தின் இக்கட்டு

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். உணவில் உப்பு கூடினால் பொட்டாசியத்துக்கு என்ன ஆகிறது?

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் உள்ள உப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம்! அதில் 99 விழுக்காட்டுக்கு மேல் நுண்குழல்களின் வழியே இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. பொட்டாசியத்திலும் பெரும்பகுதி தொடக்கத்திலேயே திரும்பிவிடும். ஆனால் குழலின் கடைசிப் பகுதியில் ஒரு பண்டமாற்று நடக்கிறது. அங்கே சோடியம் அயனி குழலிலிருந்து உயிரணுவுக்குள் நுழைகிறது. நேர் மின்னூட்டம் உள்ளே போனதால் குழலின் உட்புறம் எதிர் மின்தன்மை அடைகிறது. அந்த ஈர்ப்பினால் பொட்டாசியம் குழலுக்குள் வெளியேறிச் சிறுநீரில் கலக்கிறது. இந்தப் பண்டமாற்றை ஊக்குவிப்பது அட்ரீனல் சுரப்பியில் ஊறும் ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன். 1953 ஆம் ஆண்டில் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட் முதலானோர் இதைப் பிரித்தெடுத்தனர்.

உப்பை அதிகமாகச் சாப்பிட்டால் இந்தக் கடைசிப் பகுதிக்கு வரும் சோடியம் கூடும். எனவே பொட்டாசியமும் கூடுதலாக வெளியேற வேண்டும். "உப்பு பொட்டாசியத்தை அரித்துவிடும்" என்று சிலர் சொல்வது இதனால்தான். ஆனால் முழு உண்மை அதுவன்று. உப்பு கூடும்போது ஆல்டோஸ்டீரோன் குறைகிறது. ஒரு கை தள்ளும்போது மறு கை பிடித்துக்கொள்கிறது. ஆகவே நலமான சிறுநீரகம் உள்ளவருக்கு, உப்பு கூடியதால் மட்டும் இரத்தப் பொட்டாசியம் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. அறிவியலில் ஒரு வரிச் செய்திகளை எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

உண்மையான தொல்லை மறு பக்கத்திலிருந்து வருகிறது. உணவில் பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகம் அதைச் சேமிக்க முயல்கிறது. எப்படி? கடைசிப் பகுதிக்குச் சோடியம் போனால்தானே பண்டமாற்று நடக்கும்? அதற்குச் சற்று முன்னால் உள்ள பகுதியிலேயே சோடியத்தைப் பிடித்து இரத்தத்துக்குத் திருப்பிவிடுகிறது. பொட்டாசியம் மிச்சமாகிறது, ஆனால் உப்பு உடலில் தங்கிவிடுகிறது. உப்போடு நீரும் தங்குகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. மாறாக, பொட்டாசியம் போதிய அளவு வந்தால் சிறுநீரகம் அந்த வாயிலைத் தளர்த்தி, மிகுதியான உப்பை வெளியே விடுகிறது.

ஆகவே ஒரே அளவு உப்பைச் சாப்பிடும் இருவரில், கீரையும் பருப்பும் பழமும் உண்பவரைவிட, அவற்றைத் தொடாதவருக்கே அந்த உப்பு அதிகத் தீங்கு செய்யக்கூடும். இதைத்தான் நான் மீதிப் பாடம் என்றேன்.

நம் உடல் ஏன் இப்படி அமைந்தது? மனித இனம் தன் வரலாற்றில் மிக நீண்ட காலம் காய், கனி, கிழங்குகளையும் வேட்டை இறைச்சியையும் உண்டு வாழ்ந்தது. அந்த உணவில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் அரிது. எனவே சிறுநீரகம் சோடியத்தைக் கஞ்சனைப் போலக் காக்கவும், பொட்டாசியத்தைத் தாராளமாகச் செலவிடவும் பழகியது. 1988 ஆம் ஆண்டில் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்தது. அவர்களுள் உப்பையே அறியாத பிரேசில் காட்டின் யானோமாமி மக்களும் அடங்குவர். அவர்களுடைய இரத்த அழுத்தம் குறைவாக இருந்தது. வயது ஏறினாலும் அது ஏறவில்லை.

நாமோ விகிதத்தைத் தலைகீழாக்கிவிட்டோம். நூறு கிராம் மாங்காயில் சோடியம் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். பொட்டாசியம் 150 மில்லிகிராமுக்கு மேல். அதே மாங்காயோடு 10 கிராம் உப்பைச் சேர்த்து ஊறுகாய் போட்டால் சோடியம் ஏறத்தாழ 4,000 மில்லிகிராம் ஆகிவிடுகிறது! கருவாடு, அப்பளம், வடகம், மிக்சர், உடனடி நூடுல்ஸ் எல்லாவற்றிலும் சோடியத்தை நாமே கொட்டுகிறோம். தீட்டிய அரிசியை வேகவைத்துக் கஞ்சியை வடித்த சோற்றில் பொட்டாசியம் மிகக் குறைவு. காய்களை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால், எளிதில் கரையும் பொட்டாசியமும் சாக்கடைக்குப் போய்விடுகிறது.

ஒரே பொட்டலம், இரண்டு விளைவுகள்

என் பெரியப்பாவின் கதையைக் கேட்டதும், "அந்தப் பொட்டாசியம் உப்பையே தடை செய்ய வேண்டும்" என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அந்த முடிவும் பாதிப் பாடமே.

சீனாவின் சிற்றூர்கள் 600 இல், 20,995 பேரைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அவர்கள் முன்பு பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய இரத்த அழுத்த நோயாளிகள். பாதி ஊர்களில் வழக்கமான உப்பு. மறு பாதியில் முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். 2021 ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. கலப்பு உப்பை உண்ட ஊர்களில் பக்கவாதம் 14 விழுக்காடும், இறப்பு 12 விழுக்காடும் குறைந்திருந்தன. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. சமையலறை உப்பை மாற்றியதுதான்! ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இத்தகைய உப்பைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று விலக்கு அளித்தது.

ஆகவே அந்தப் பொட்டலம் நன்மையும் அன்று, தீமையும் அன்று. யார் வீட்டு அடுப்படியில் அது இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை அறிந்துகொள்ள வழி வேண்டும் அல்லவா? என் வாதமே அதுதான்.

நான் கேட்பது என்ன?

முதலாவது: நம் நாட்டில் பொட்டலத்தில் அடைத்த உணவில் சோடியத்தின் அளவை அச்சிடுவது கட்டாயம். பொட்டாசியத்தின் அளவு கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 2016 ஆம் ஆண்டில் திருத்திய விதியின்படி பொட்டாசியமும் அச்சிடப்படுகிறது. நாமும் அதைச் செய்ய வேண்டும். ஒரு வரி அச்சிட அதிகச் செலவாகாது. அந்த ஒரு வரி, நலமாக உள்ளவருக்கு வழிகாட்டும். சிறுநீரக நோயாளிக்கு உயிர் காக்கும்.

இரண்டாவது: பொட்டாசியம் கலந்த உப்புப் பொட்டலத்தின் முன்பக்கத்தில், "சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தக் கூடாது" என்று அந்தந்த மாநில மொழியில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். "சோடியம் குறைவு" என்று பெரிதாக எழுத இடம் இருக்கும்போது, இதற்கும் இடம் இருக்கும்.

மூன்றாவது: "உப்பைக் குறை" என்னும் சுவரொட்டியில் "காய், கீரை, பருப்பு, பழத்தைக் கூட்டு" என்பதும் சேர வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சோடியம் 2 கிராமுக்குள், பொட்டாசியம் 3.5 கிராமுக்குக் குறையாமல் என்பது உலக சுகாதார நிறுவனம் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல். இரண்டும் அதே ஆண்டில்தான் வெளிவந்தன. முதலாவது எங்கும் எட்டிவிட்டது, இரண்டாவது எட்டவில்லை.

"பொட்டலத்தின் பின்புறத்தை யார் படிக்கப் போகிறார்கள்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். என் பெரியப்பா படித்திருக்க மாட்டார், கண் தெரியாது. நான் படிக்கவில்லை, அலட்சியம். ஆனால் நீங்கள் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு வீட்டில் ஒரு மாணவர் படித்தால் போதும்.

"பழம் விற்கும் விலையில் பொட்டாசியத்துக்கு எங்கே போவது?" என்பது இன்னொருவரின் கேள்வி. நியாயமானதே. ஆனால் பொட்டாசியம் ஆப்பிளில் மட்டும் இல்லை. முருங்கைக் கீரை, துவரம் பருப்பு, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம் எல்லாவற்றிலும் நிறைய உண்டு. முருங்கை கொல்லையிலேயே நிற்கிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்துப்பு, கல்லுப்பு என்றால் சோடியம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். பெயரும் நிறமும் வேறானாலும் அவையும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. இந்துப்பில் அயோடின் சேர்க்கப்படாமலும் இருக்கலாம்.

நீங்கள் செய்து பார்க்க

ஒரு சிறு கணக்கு. உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் பிரித்த நாளைக் குறித்து வையுங்கள். அது எத்தனை நாள் வந்தது என்று பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் 25 நாள் வந்தால், 1000 ஐ 4 ஆலும் 25 ஆலும் வகுக்க, ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 கிராம். சோடியம் 2 கிராம் என்னும் எல்லை, உப்பாகக் கணக்கிட்டால் 5 கிராம்தான். கடையில் வாங்கித் தின்ற பண்டங்களின் உப்பு இந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். பொட்டலங்களில் அச்சிட்டுள்ள சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஏன் 2.5? சோடியத்தின் அணு எடை 23, குளோரினுடையது 35.5. மீதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, வீட்டில் உள்ள உப்புப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தால், வீட்டில் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் யார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுடைய மருத்துவரிடம் அந்தப் பொட்டலத்தையே எடுத்துச் சென்று காட்டச் சொல்லுங்கள். நீங்களாக எதையும் மாற்றிவிடாதீர்கள். நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம்.

பெரியப்பா இப்போது சாதாரண உப்பைத்தான், மிகக் குறைவாகச் சேர்த்துக்கொள்கிறார். காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுச் சமைக்கிறார்கள். நமக்கு வீண் என்று சொன்ன அதே செயல், அவருக்கு மருந்து. சென்ற முறை போனபோது, "தம்பி, இந்தத் தடவை என்ன பொட்டலம் கொண்டு வந்தாய்?" என்று சிரித்தார். நான் வெறுங்கையோடுதான் போயிருந்தேன். ஆனால் அவர் வீட்டு அலமாரியில் இருந்த பொட்டலங்கள் எல்லாவற்றின் பின்புறத்தையும், ஒன்று விடாமல் படித்துவிட்டே திரும்பினேன்.